1931: அடங்காத அழுத்தமும் ஒரு வேரின் வரலாறும்

1931ஆம் ஆண்டில் உயர் இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய மூன்று எழுத்துகள் வெளிவந்தன. லிவர்பூல் பேராசிரியர் ஜான் ஹே பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். உயர் அழுத்தம் உடைய ஒருவருக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து அது கண்டுபிடிக்கப்படுவதே. கண்டுபிடித்தால் யாரேனும் ஒரு மூடர் அதைக் குறைக்க முற்படுவார் என்பது அதன் பொருள். அதே ஆண்டில், தில்லி திப்பியா கல்லூரியில் பணியாற்றிய வேதியியலர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கியும் ரஃபத் ஹுசைன் சித்தீக்கியும் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தனர். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அதே வேர் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் ஏற்ற புதிய இந்திய மருந்து என்று ஒரு கட்டுரை எழுதினர்.

குறைக்கக் கூடாது என்றது ஒரு குரல். குறைக்க முடியும் என்றது இன்னொரு குரல். குறைக்கும் பொருள் எது என்று தேடிக்கொண்டிருந்தது மூன்றாவது. இவை ஒன்றையொன்று சந்தித்து ஒரு மருத்துவமுறையாக உருப்பெற மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. அக்காலத்தில் உயர் அழுத்தத்தால் மாண்டவர்களைக் கணக்கிடுவார் இல்லை.

சர்ப்பகந்தாவைப் பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் இரண்டு கூற்றுகளுள் அடங்கிவிடுகிறது. அழுத்தத்திற்கான மருந்து நம் முன்னோரிடம் ஏற்கெனவே இருந்தது, மேலை நிறுவனங்கள் அதைக் கவர்ந்துகொண்டன என்பது ஒன்று. நாட்டு மருத்துவத்தில் இருந்தது வெறும் நம்பிக்கை, அறிவியல் பாசெல் நகர ஆய்வுக்கூடத்தில்தான் தொடங்கியது என்பது மற்றொன்று. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இரண்டும் நிற்பதில்லை. அடங்க மறுத்த அழுத்தம் தனியொரு கண்டுபிடிப்புக்கு ஒருபோதும் பணியவில்லை. வைத்தியர், வேதியியலர், மருத்துவர், புள்ளியியலர், மாத்திரையை நாள்தோறும் நோயாளியின் கையில் சேர்ப்பவர் என்ற சங்கிலி முழுமை பெற்ற இடங்களில் மட்டுமே அது பணிந்தது. இந்தியாவின் வரலாறு அச்சங்கிலியின் முதற்கண்ணியைத் தந்த நாட்டின் வரலாறு. கடைசிக் கண்ணி இங்கு ஏன் இவ்வளவு பிந்தியது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

1. மருந்தற்ற காலம்

ஜான் ஹேயின் எச்சரிக்கையை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது தன் காலத்தின் தருக்கத்துக்கு உட்பட்டது. 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி கைப்பட்டைக் கருவியை அமைத்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், ஒலியைக் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் கணிக்கும் முறையைச் சொன்னார். அளவிடும் கருவி கிடைத்த பின்னும், அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது தெளிவாகவில்லை. தடித்துப்போன குழாய்களின் வழியே சிறுநீரகத்திற்கும் மூளைக்கும் இரத்தத்தைச் செலுத்த உடல் தானாகவே அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது என்ற கருத்து செல்வாக்குடன் இருந்தது. காரணம் அறியப்படாத உயர் அழுத்தத்திற்கு ஜெர்மானிய மருத்துவர் ஃபிராங்க் 1911இல் இட்ட பெயரில் உள்ள 'இன்றியமையாத' என்னும் பொருள் தரும் சொல்லும் அந்தப் புரிதலுக்குத் துணைநின்றது. தேவையாக எழுந்த அழுத்தத்தை ஏன் குறைக்க வேண்டும்?

குறைக்க விரும்பியவர்களிடமும் கருவிகள் இல்லை. பாஸ்டனில் ரெஜினால்ட் ஸ்மித்விக் பரிவு நரம்புகளை அறுவைசிகிச்சையால் துண்டித்தார். பிழைத்தவர்களில் பலர் எழுந்து நின்றால் மயங்கினர். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர், உப்பு ஏறத்தாழ இல்லாத சோறும் பழமும் சர்க்கரையும் மட்டுமே கொண்ட உணவைப் பரிந்துரைத்தார். சிலருக்கு அது வியக்கத்தக்க பலன் தந்தது. நெடுநாள் கடைப்பிடிக்க முடிந்தவர்கள் மிகச் சிலரே. முற்றிய நிலையில், விழித்திரை வீங்கிச் சிறுநீரகம் செயலிழக்கும் உயர் அழுத்தத்தில், நோயாளிகளில் ஐவரில் நால்வர் ஓராண்டைக் கடக்கவில்லை என்பது 1939இல் மேயோ மருத்துவமனைக் குழு வெளியிட்ட கணக்கு.

செல்வாக்கும் மருத்துவ வசதியும் மிக்கவர்களுக்கும் இதே நிலைதான். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்டுக்கு டிஜிட்டாலிசும் உப்புக் குறைந்த உணவும் ஓய்வும் தரப்பட்டன. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தபோது பதிவான அளவு 300/190. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ் 2019இல் வெளியிட்ட காந்தியின் மருத்துவக் குறிப்புகளில், 1937 அக்டோபரில் 194/130 என்றும் 1940 பிப்ரவரியில் 220/110 என்றும் அளவுகள் உள்ளன. இன்று எந்த மருத்துவமனையிலும் அவசர நடவடிக்கைக்கு உரிய எண்கள் இவை. ஓய்வும் உணவுக் கட்டுப்பாடுமே அன்றைய மருத்துவத்தின் கைவசம் இருந்தன.

2. வேருக்குப் பல பெயர்கள்

இமயமலை அடிவாரத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை வரை நிழலும் ஈரமும் உள்ள காடுகளில் வளரும் சிறு செடி சர்ப்பகந்தா. தமிழ் மூலிகைப் பட்டியல்கள் இதைச் சிவன் அமல்பொடி என்று குறிக்கும். பிகாரின் சில பகுதிகளில் இதற்கு வழங்கிய பெயர் 'பாகல் கீ தவா', அதாவது பித்தருக்கான மருந்து. தாவரவியல் பெயரான ரௌவோல்ஃபியா, பதினாறாம் நூற்றாண்டில் கீழை நாடுகளில் பயணம் செய்த ஆக்ஸ்பர்க் மருத்துவர் ராவோல்ஃபின் நினைவாக, 1703இல் பிரெஞ்சுத் தாவரவியலர் பிளூமியே இட்டது.

பெயர்கள் பயன்பாட்டைச் சொல்கின்றன. பாம்புக்கடி, காய்ச்சல், வயிற்றுவலி, உறக்கமின்மை, வெறி ஆகியவற்றுக்கு இவ்வேர் கொடுக்கப்பட்டது. இங்கு ஒரு வரலாற்றுத் தெளிவு தேவை. இரத்த அழுத்தம் என்பது பாதரச அளவியால் காணப்படும் ஓர் எண். அந்த எண் பிறக்காத காலத்தில் அதற்கு மருந்து இருந்தது என்று சொல்வதற்கு இடமில்லை. வைத்தியர்கள் கண்டது மனக்கொந்தளிப்பு அடங்குவதையும் உறக்கம் வருவதையும். அவர்கள் கண்டது உண்மையே. அதே வேதிப்பொருள் மூளையிலும் பரிவு நரம்பின் முனைகளிலும் ஒரே வகையில் செயற்பட்டதால்தான் உறக்கமும் அழுத்தக்குறைவும் சேர்ந்து வந்தன என்பது பின்னர் தெரிந்தது. பழைய பயன்பாடு புதிய கண்டுபிடிப்பிற்குத் திசைகாட்டியது. ஆனால் இரண்டும் வேறு வேறு அறிவுகள்.

3. தில்லி, கல்கத்தா

ஹக்கீம் அஜ்மல்கான் நிறுவிய ஆயுர்வேத-யுனானி திப்பியா கல்லூரியைக் காந்தி 1921இல் திறந்துவைத்தார். மரபு மருந்துகளை நவீன வேதியியலின் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது அஜ்மல்கானின் நோக்கம். ஃபிராங்க்ஃபர்ட்டில் 1927இல் முனைவர் பட்டம் பெற்ற சித்தீக்கியை அவர் அழைத்தது அதற்காகவே. அவ்வாண்டு இறுதியிலேயே அஜ்மல்கான் காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் பிரித்தெடுத்த ஆல்கலாய்டுகளில் மூன்றுக்கு அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின் என்று சித்தீக்கி பெயரிட்டார். மற்றவை செர்பென்டினும் செர்பென்டினினும். ஒரு யுனானி மருத்துவரின் பெயர் இதயவியலில் இன்றும் நிற்கிறது. புருகாடா நோய்க்குறியைக் கண்டறியும் சோதனைக்கு அஜ்மலின் பயன்படுகிறது.

கல்கத்தாவின் கணநாத் சென் ஆயுர்வேதமும் மேலை மருத்துவமும் ஒருங்கே பயின்றவர். வேர்ப்பொடி வெறியைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று அவரும் போஸும் எழுதியபோது, பழைய பயன்பாடும் புதிய அளவியும் முதன்முறையாக ஒரே கட்டுரையில் சேர்ந்தன. 1933இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் அவருடைய கூட்டாளிகளும் விலங்குகளில் இவ்வேரின் ஆல்கலாய்டைச் சோதித்து மருந்தியல் சான்று சேர்த்தனர். 1934இல் ஹிமாலயா நிறுவனம் 'செர்பினா' என்ற பெயரில் வேரை மாத்திரையாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆக 1930களின் நடுவில் இந்தியாவில் வேர், வேதியியல், மருந்தியல், மாத்திரை ஆகிய நான்கும் இருந்தன. ஆயினும் மருத்துவ உலகம் அசையவில்லை. கல்கத்தா இதழ்களின் வாசகர் வட்டம் சிறியது என்பது ஒரு காரணம். அழுத்தத்தைக் குறைப்பதே தவறு என்று நம்பிய மருத்துவத்தில், குறைக்கும் மருந்துக்கு இடமில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். மூன்றாவது காரணம் வேதியியல் சார்ந்தது. முதலில் படிகமாகக் கிடைத்த ஆல்கலாய்டுகள் எவையும் வேரின் முழு ஆற்றலையும் விளக்கவில்லை. தணிக்கும் ஆற்றல், பிரித்தெடுப்பில் எஞ்சிய பிசின் போன்ற பகுதியில் தங்கியிருந்தது. படிகமாகாத அந்த எச்சத்தைப் பகுத்தறிய இன்னும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

4. பம்பாயிலிருந்து பாஸ்டனுக்கு

பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய இதய மருத்துவர் ரஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரித்தானிய இதய இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உயர் அழுத்த நோயாளிகள் 50 பேருக்குச் சர்ப்பகந்தா கொடுத்து அளவுகளை வாரம்தோறும் பதிந்த ஆய்வு அது. நான்கு வாரங்களுக்குப் பின் ஐவரில் நால்வருக்கும் மேலானோருக்கு அழுத்தம் குறைந்திருந்தது. குறைவு திடீரென்று நிகழாமல் மெல்ல நிகழ்ந்தது. பலருக்கு மிதமானதாகவும் இருந்தது. கட்டுரை எழுதப்பட்ட மொழிநடையும் வெளியான இதழும் அதை உலக வாசகர்களிடம் கொண்டு சேர்த்தன. 1957இல் லாஸ்கர் விருதும் 1958இல் பத்மபூஷணும் வகீலுக்கு வழங்கப்பட்டன. சென்னும் போஸும் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் சொன்னதையே வகீல் சொன்னார் எனலாம். ஆனால் எத்தனை பேருக்கு, எவ்வளவு, எத்தனை நாளில், என்ன பக்கவிளைவோடு என்ற நான்கு கேள்விகளுக்கும் எண்களால் விடை தந்தது வகீலின் கட்டுரையே.

பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் அதைப் படித்து, இந்தியாவிலிருந்து மருந்தை வரவழைத்துத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். அவருடைய அவதானிப்பு இவ்வரலாற்றின் திருப்புமுனை. சர்ப்பகந்தா தனியே மிதமாகவே வேலை செய்கிறது. ஆனால் ஹைட்ரலசின் போன்ற வேறு வகை மருந்தோடு சேர்க்கும்போது, ஒவ்வொன்றின் அளவையும் குறைத்துக்கொண்டு பலனைக் கூட்ட முடிகிறது. ஹைட்ரலசின் தூண்டும் படபடப்பைச் சர்ப்பகந்தா தணிக்கவும் செய்தது. ஒரு மருந்துக்கு அடங்காத அழுத்தம் கூட்டுக்கு அடங்கும் என்ற கருத்து இவ்வாறு வேர்கொண்டது.

1952இல் பாசெல் நகரின் சீபா நிறுவனத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகியோர் அந்தப் பிசின் பகுதியிலிருந்து ரெசர்பினைப் படிகமாகப் பிரித்தனர். 'செர்பாசில்' சந்தைக்கு வந்தது. 1956இல் உட்வர்ட் ஹார்வர்டில் ரெசர்பினை முழுமையாகத் தொகுத்தார். கரிம வேதியியல் மாணவர்கள் இன்றும் அதைப் பயில்கின்றனர். நரம்புமுனைகளில் சேமிக்கப்பட்ட நாரட்ரீனலின், டோபமின், செரட்டோனின் ஆகியவற்றை ரெசர்பின் வற்றச் செய்கிறது என்று தெரிந்தபோது மனநல மருத்துவத்திலும் ஒரு புதிய கருதுகோள் பிறந்தது. ரெசர்பினால் அசைவற்றுப் போன முயல்களை எல்-டோபா கொடுத்து மீட்ட அர்விட் கார்ல்சனின் 1957ஆம் ஆண்டுச் சோதனை, பார்க்கின்சன் நோய் மருத்துவத்துக்கு வழிதிறந்தது. 2000இல் அவர் நோபல் பரிசில் பங்குபெற்றார்.

செடிக்கு நேர்ந்தது வேறு. தேவை பெருகியபோது காட்டில் வேரோடு பிடுங்குவதே வழக்கமாயிற்று. வேரை எடுத்தால் செடி இல்லை. 1950களின் நடுவில் இந்திய அரசு வேரின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் வளரும் இன்னொரு ரௌவோல்ஃபியா இனத்திற்கு மாறின. 1990இல் சர்ப்பகந்தா அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது.

5. நிறமிட்ட சிறுநீர்

குறைக்க முடியும் என்பது 1950களில் உறுதியாயிற்று. குறைப்பதால் உயிர் பிழைக்குமா என்ற கேள்வி மீதமிருந்தது. அதற்கு விடை தந்தவர் எட்வர்ட் ஃப்ரைஸ். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை இரு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ரெசர்பின், ஹைட்ரலசின் ஆகிய மூன்றின் கூட்டு. மற்றதற்கு வெற்று மாத்திரை. 1967இல் வெளிவந்த முடிவு இது: வெற்று மாத்திரைக் குழுவில் கடுமையான பாதிப்புகள் 27, சிகிச்சைக் குழுவில் 2. இறப்புகள் முறையே 4, 0. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளிலேயே இவ்வளவு வேறுபாடு தெரிந்தது. 1970இல் வெளியான இரண்டாம் பகுதி, மிதமான உயர் அழுத்தம் உடையவர்களுக்கும் பயன் உண்டு என்று காட்டியது. ஜான் ஹேயின் எச்சரிக்கைக்கு இறுதி விடை இதுவே. அந்த விடையின் மூன்றில் ஒரு பங்கு பிகார், வங்காளக் காடுகளில் அறியப்பட்ட வேரின் சாரம்.

இந்த ஆய்வின் ஓர் உத்தி அதிகம் பேசப்படுவதில்லை. குழு பிரிப்பதற்கு முன் எல்லோருக்கும் ரைபோஃபிளேவின் கலந்த வெற்று மாத்திரைகள் தரப்பட்டன. அந்த வைட்டமின் சிறுநீரில் வெளியேறிப் புறஊதா ஒளியில் ஒளிரும். எண்ணிக்கையில் மாத்திரை குறைந்திருந்தும் சிறுநீர் ஒளிராதவர்கள், ஒழுங்காக வராதவர்கள் ஆகியோர் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று கேட்பதற்கு முன் அது விழுங்கப்பட்டதா என்று ஃப்ரைஸ் கேட்டார். அறிவியல் நோக்கில் அது சரியான முறை. சமூக நோக்கில் பார்த்தால், சான்று உருவான கணத்திலேயே, மருந்தைத் தொடர இயலாதவர்கள் சட்டகத்துக்கு வெளியே நின்றனர். பின்வந்த மருத்துவம் அவர்களைப் பற்றி அரைநூற்றாண்டுக்கு மேல் அதிகம் கேட்கவில்லை.

6. ரெசர்பினின் இறக்கம்

1950களில் ரெசர்பின் இன்று ஏற்கப்படும் அளவைவிடப் பலமடங்கு கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. மூக்கடைப்பு, வயிற்றுப்புண், சோர்வு ஆகியவற்றோடு சிலருக்குக் கடுமையான மனச்சோர்வும் நேர்ந்தது. 1974இல் லான்செட் இதழில் வந்த மூன்று ஆய்வுகள் ரெசர்பினுக்கும் மார்பகப் புற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றன. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஆனால் அச்சம் நிலைத்துவிட்டது. அதற்குள் பீட்டா தடுப்பிகளும் பின்னர் கால்சியம் வழித் தடுப்பிகளும் சந்தையைப் பிடித்தன. காப்புரிமை முடிந்த மலிவான மாத்திரைக்காகப் பேச ஆளில்லை. சீனத்தில் சிறுநீர்ப்பெருக்கிகளோடு சிறிதளவு ரெசர்பின் சேர்ந்த கூட்டு மாத்திரை தொடர்ந்து வழக்கில் இருந்தது. 1991இல் வெளியான அமெரிக்க முதியோர் ஆய்விலும், தேவைப்பட்டோருக்கு மிகச் சிறிய அளவில் ரெசர்பின் மாற்று மருந்தாக இடம்பெற்றது.

வேரின் வரலாற்றுப் பெருமையை இன்றைய பரிந்துரையாக எடுத்துக்கொள்வது தவறு என்பதையும் இவ்வரலாறே காட்டுகிறது. வேரில் ஆல்கலாய்டின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். அளவு மிஞ்சினால் மனச்சோர்வு நேரும். தரப்படுத்தாத பொடியை அழுத்தத்துக்காகத் தானே உட்கொள்வது, 1950களின் பிழையை 1930களின் கருவியோடு மீண்டும் செய்வதாகும்.

7. 'அடங்காதது' என்ற வகைப்பாடு

மருந்துகள் பெருகப் பெருக, 'அடங்காத அழுத்தம்' என்ற சொல்லின் எல்லையும் நகர்ந்தது. 1940இல் எல்லா உயர் அழுத்தமும் அடங்காததே. இன்று மருத்துவ வழிகாட்டிகள் கூறும் வரையறை: சிறுநீர்ப்பெருக்கி உள்ளிட்ட மூன்று வெவ்வேறு வகை மருந்துகளைத் தாங்கக்கூடிய முழு அளவில் உட்கொண்ட பின்னும் இலக்குக்கு மேல் நிற்கும் அழுத்தம். மூன்று என்ற இந்த எண்ணின் பின்னே வில்கின்ஸ், ஃப்ரைஸ் ஆகியோரின் கூட்டு முறையே உள்ளது.

இவ்வகைப்பாட்டுள் வருவோர் அனைவருக்கும் உடலே எதிர்க்கிறது என்று கொள்ள முடியாது. கைப்பட்டை சிறிதாக இருந்தாலும், ஓய்வின்றி அளந்தாலும் எண் பொய்யாக உயரும். மருத்துவரைக் கண்ட பதற்றத்தில் உயர்ந்து வீட்டில் தணியும் அழுத்தம் உண்டு. வலிநிவாரணிகள் சில அழுத்தத்தை ஏற்றும். உப்பும் மதுவும் மருந்தை வலுவிழக்கச் செய்யும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் மறைந்திருக்கலாம். சிறுநீரில் மருந்தின் தடத்தை நேரடியாகத் தேடிய ஐரோப்பிய ஆய்வுகள் சிலவற்றில், அடங்காதோர் எனக் கருதப்பட்டவர்களில் கால் பங்கு முதல் பாதிப்பேர் வரை மருந்தை முழுமையாக உட்கொள்ளவில்லை என்று தெரிந்தது. ஃப்ரைஸ் ஒளிரும் சிறுநீரில் கண்டதை, நிறமாலைக் கருவி ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்டது.

இவற்றையெல்லாம் கழித்த பின் எஞ்சும் உண்மையான அடங்காமைக்கும் வரலாறு உண்டு. 1955இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான், அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனை மிகுதியாகச் சுரப்பதால் வரும் உயர் அழுத்தத்தை விவரித்தார். ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் அதையடுத்த சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. ஆனால் மூன்று மருந்துக்கு அடங்காதோருக்கு நான்காவதாக எதைச் சேர்ப்பது என்பதை நேருக்கு நேர் ஒப்பிட்டு, அப்பழைய மருந்தே சிறந்தது என்று பிரித்தானிய ஆய்வொன்று நிறுவியது 2015இல்தான். இம்மருந்தும் மலிவானது, இதன் ஒப்பீட்டுக்கும் அறுபது ஆண்டுக்காலம் கடந்தது. பொட்டாசியம் உயரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையோடுதான் இதைக் கொடுக்க வேண்டும். ஆகவே ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் மாத்திரை மட்டும் போதாது.

ஸ்மித்விக்கின் நரம்பறுப்பும் திரும்பி வந்தது. சிறுநீரகத் தமனியைச் சூழ்ந்த நரம்புகளை வடிகுழாய் வழியே சுடும் முறையைப் பெரும் நம்பிக்கையோடு தொடங்கினர். 2014இல் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில் அது தனிப்பலன் காட்டத் தவறியது. திருத்திய கருவிகளோடு பின்னர் மிதமான பலன் காட்டி 2023இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது.

8. கடைசிக் கண்ணி

2017–18இல் நடந்த தேசியத் தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வு, உயர் அழுத்தம் உடைய இந்தியர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கே அழுத்தம் கட்டுக்குள் உள்ளது என்று கண்டது. நால்வரில் மூவருக்கு அருகில், தமக்கு உயர் அழுத்தம் உள்ளதென்றே அறியாதவர்கள். மருத்துவ வரையறைப்படி இவர்கள் 'அடங்காத அழுத்தம்' உடையவர்கள் அல்லர். மூன்று மருந்தைத் தொட்டாலன்றி அப்பெயர் கிடைக்காது. ஆனால் பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் வரையறை பார்த்து வருவதில்லை.

2017 இறுதியில் மத்திய, மாநில அரசுகளும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்னெடுப்பு, பஞ்சாப், மத்தியப் பிரதேசம், கேரளம், தெலங்கானா, மகாராட்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களின் 25 மாவட்டங்களில் முதலில் நடந்தது. புதிய மருந்து எதையும் அது கொண்டுவரவில்லை. மாநிலத்துக்கு ஒரே எளிய மருந்து வரிசை, தட்டுப்பாடற்ற கொள்முதல், ஒரு மாதத்துக்குப் போதிய மாத்திரை, வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்திலேயே வழங்கல், செவிலியரின் அளவீடு, வராதவரைத் தேடி அழைத்தல் என்பனவே அதன் கூறுகள். ஃப்ரைஸ் தம் ஆய்வுக்கு வெளியே நிறுத்தியவர்களை உள்ளே அழைக்கும் முயற்சி என்று இதைச் சொல்லலாம். 2022இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருது இதற்குக் கிடைத்தது. மருந்துக்குக் கிடைக்கும் விருதுகளைப் போல, மருந்தைக் கொண்டுசேர்ப்பதற்கும் விருது கிடைத்தது இவ்வரலாற்றில் புதிது.

சர்ப்பகந்தாவைத் திருடப்பட்ட செல்வம் என்று சொல்லும் கூற்று, வேரை அளவியோடு சேர்த்த சென்னையும் போஸையும், எண்களால் பேசிய வகீலையும், மரபுக்கல்லூரிக்குள் வேதியியலைக் கொண்டுவந்த அஜ்மல்கானையும் மறக்கடிக்கிறது. அறிவியல் பாசெலில் தொடங்கியது என்னும் கூற்றும் அதே மனிதர்களையே மறக்கடிக்கிறது. இவ்விரண்டும் யார் முதலில் கண்டார்கள் என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. 1931இல் தில்லியிலும் கல்கத்தாவிலும் அறியப்பட்டது 1967 வரை ஏன் சிகிச்சையாகவில்லை, 1967இல் நிறுவப்பட்டது 2017 வரை ஒரு மாவட்ட நோயாளிக்கு ஏன் எட்டவில்லை என்பவை அடுத்த கேள்விகள். மருத்துவ வரலாற்றை ஆய்வுப்பொருளாக எடுக்கும் மாணவர்களுக்கு அந்த இரு இடைவெளிகளும் இன்னும் எழுதப்படாத பக்கங்களாகவே உள்ளன. மாவட்ட மருத்துவமனைகளின் கொள்முதல் பதிவேடுகள், மருந்துக்கிடங்குகளின் இருப்புக் கணக்குகள், புறநோயாளிச் சீட்டுகள் ஆகியவற்றில் அப்பக்கங்களுக்கான சான்றுகள் கிடக்கின்றன. அவை காகிதமாக இருக்கும்போதே படிக்கப்பட வேண்டும்.